ஒத்தபொருள் சொற்கள்: பட்டியலாக வேண்டாம், துணைச்சொல்லோடு படிக்கட்டும்

கேள்வி: எங்கள் ஊர் காவேரிப்பட்டணம். என் மகன் தமிழ்வழியில் எட்டாம் வகுப்பு படிக்கிறான். அமராவதி நகர் சைனிக் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர வேண்டும் என்பது அவனுடைய ஆசை. வரும் ஜனவரியில் நுழைவுத் தேர்வு எழுத இருக்கிறான். கணக்கு நன்றாகப் போடுவான்; ஆங்கிலம்தான் இழுக்கிறது. அவன் போகும் பயிற்சி மையத்தில் ஆயிரத்து ஐந்நூறு அட்ஜெக்டிவ்களையும் (பெயரடைகள்) அவற்றின் சினானிம்களையும் (ஒத்தபொருள் சொற்கள்) அச்சடித்துக் கொடுத்து, நாளொன்றுக்கு முப்பது சொல் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். இரவில் ஒப்பிக்கிறான், ஞாயிற்றுக்கிழமைத் தேர்வில் பாதிக்கு மேல் தப்பாகிவிடுகிறது. "தைரியத்துக்கு ஆறு சொல் படித்தேன், எது எதுவென்று தெரியவில்லை" என்று அழுகிறான். நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் தெரியும். மூன்று மொழி சேர்ந்து அவனைக் குழப்புகிறதா? நான் அவனுக்கு எப்படி உதவலாம்?
— வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் மகனுக்கு ஞாபக சக்தி குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். இரவில் முப்பது சொற்களையும் ஒப்பிக்கிற பையனுக்கு ஞாபகத்தில் குறையில்லை. அவன் கையில் இருக்கும் பட்டியலின் அமைப்பே அவனைக் குழப்புகிறது. கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கிறவன் என்ற முறையில், இதே பட்டியலை வேறு வேறு அட்டையில் பார்த்து வருகிறேன். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே அதன் முன்னால் சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். எனவே முதலில் தேர்வில் இந்தச் சொற்களுக்கு உள்ள இடத்தையும், பிறகு அவற்றை எப்படிப் படிக்க வேண்டும் என்பதையும் எழுதுகிறேன். ஆங்கிலச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். அகராதியைப் பார்த்து அவற்றின் ஆங்கில எழுத்துகளை உங்கள் மகனே தன் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்; அதுவும் ஒரு பயிற்சிதான்.

தேசியத் தேர்வு முகமை நடத்தும் அகில இந்திய சைனிக் பள்ளி நுழைவுத் தேர்வில் ஒன்பதாம் வகுப்புக்கான வினாத்தாள் 400 மதிப்பெண்களுக்கு உரியது. அதில் கணக்கு மட்டும் 50 வினாக்கள், 200 மதிப்பெண்கள். ஆங்கிலம், நுண்ணறிவு, அறிவியல், சமூக அறிவியல் ஆகிய நான்குக்கும் தலா 25 வினாக்கள், தலா 50 மதிப்பெண்கள். மொத்தம் 150 வினாக்களுக்கு 180 நிமிடங்கள். ஆங்கிலத்துக்குரிய அந்த 25 வினாக்களிலும் இலக்கணம் முதலிய மற்ற பகுதிகள் போக மீதிதான் ஒத்தபொருள் வினாக்களுக்குக் கிடைக்கும். அப்படியிருக்க, கணக்கில் கெட்டிக்காரனாக இருக்கிற பையன் தினமும் இரண்டு மணி நேரத்தை முப்பது சொற்களுக்காகக் கொட்டுவது நல்ல கணக்கு ஆகாது. சொற்பயிற்சிக்கு நாள்தோறும் இருபது நிமிடம் போதும். அந்த இருபது நிமிடம் தவறாமல் நடக்க வேண்டும், அவ்வளவே.

ஆனால், ஆங்கிலச் சொல்வளத்தை அந்த 50 மதிப்பெண்களோடு நிறுத்திவிடவும் கூடாது. ஆறாம் வகுப்புக்கான நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஒன்பதாம் வகுப்புக்கு வினாத்தாள் முழுவதும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழ்வழியில் படிக்கிற பிள்ளைக்கு இதுதான் உண்மையான தடை. 'கன்செக்யூட்டிவ்' எண்கள் என்றால் அடுத்தடுத்து வரும் எண்கள் என்றும், 'அட்ஜேசன்ட்' கோணங்கள் என்றால் அடுத்துள்ள கோணங்கள் என்றும் தெரியாவிட்டால், கணக்கு தெரிந்திருந்தும் மதிப்பெண் போய்விடும். 'ஈக்வல்', 'பேரலல்', 'அக்யூட்', 'இனிஷியல்' போன்றவையும் அட்ஜெக்டிவ்கள்தாம். அறிவியலில் எளிதில் நொறுங்குவதை 'பிரிட்டில்' என்றும், ஒளியை ஊடுருவ விடுவதை 'டிரான்ஸ்பேரன்ட்' என்றும், கரையக்கூடியதை 'சால்யுபிள்' என்றும் சொல்வார்கள். சமூக அறிவியலில் வளமான மண்ணை 'ஃபெர்டைல்' என்றும், வறண்ட நிலத்தை 'ஆரிட்' என்றும், அடர்ந்த காட்டை 'டென்ஸ்' என்றும் எழுதுவார்கள். பயிற்சி மையத்தின் பட்டியலில் உள்ள அபூர்வமான சொற்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் ஒரு மாதத்துக்கு அவனுடைய கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் பாடங்களின் ஆங்கிலவழிப் புத்தகங்களைப் பள்ளியிலோ அண்டை வீட்டிலோ கேட்டு வாங்கி, அவற்றில் வரும் அட்ஜெக்டிவ்களையே அவன் தொகுக்கட்டும். அந்தச் சொற்கள் ஆங்கிலப் பகுதிக்கும் உதவும், மற்ற பகுதிகளில் கேள்வியைப் புரிந்துகொள்ளவும் உதவும்.

இனி அவன் அழுத அந்த ஆறு சொற்களுக்கு வருவோம். பட்டியலில் 'பிரேவ்', 'போல்ட்', 'கரேஜியஸ்', 'வேலியன்ட்', 'கேலன்ட்', 'டான்ட்லெஸ்' என்று வரிசையாக அச்சிட்டு, எதிரே 'தைரியமான' என்று ஒரே ஒரு தமிழ்ச் சொல் இருந்திருக்கும். ஆறுக்கும் ஒரே அடையாளம் என்றால் எதை வைத்து அவன் பிரித்தறிவான்? பொருளில் நெருங்கிய புதுச் சொற்களை ஒரே நேரத்தில் கற்றால் அவை ஒன்றோடொன்று மோதி, கற்பது மெதுவாகிறது என்பதை இரண்டாம் மொழிக் கல்வி பற்றி 1990-களில் நடந்த ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. ஒத்தபொருள் சொற்களைக் கொத்தாகப் படிப்பது சுலபம் என்று நாம் நினைக்கிறோம்; கொத்தில் உள்ள அத்தனையும் புதிதாக இருந்தால் நடப்பது நேர்மாறானது. எனவே அவனுக்கு நன்றாகப் பழகிய ஒரு சொல்லை முதலில் வைத்து, அதனோடு ஒரே ஒரு புதுச் சொல்லைச் சேர்க்க வேண்டும். 'பிரேவ்' அவனுக்குத் தெரியும். இந்த வாரம் 'கரேஜியஸ்' மட்டும் சேரட்டும். அது வாயிலும் கையிலும் படிந்த பிறகு, பத்துப் பதினைந்து நாள் கழித்துப் போர்வீரனுக்கு உரிய 'வேலியன்ட்' வரட்டும். 'டான்ட்லெஸ்' இல்லாமலே கூட அவன் தேர்வு எழுதிவிடலாம்.

இரண்டாவது செய்தி இதைவிட முக்கியமானது. ஒத்தபொருள் சொற்கள் என்பவை ஒரே பொருள் தரும் சொற்கள் அல்ல. பொருளில் நெருங்கிய சொற்கள். இதை அவனுக்குப் புரியவைக்க ஆங்கிலம் வேண்டாம், அவனுடைய தமிழ் வகுப்பே போதும். சால, உறு, தவ, நனி, கூர், கழி என்னும் ஆறு உரிச்சொற்களும் 'மிகுதி' என்னும் ஒரே பொருளைத் தருவன என்று இலக்கணப் பாடத்தில் சொல்லித்தருகிறோம். ஆனால் 'சாலச் சிறந்தது' என்கிறோம், 'உறுபசி' என்கிறோம், 'நனி நன்று' என்கிறோம், 'கழிபேருவகை' என்கிறோம். 'கழி நன்று' என்றோ 'நனிபசி' என்றோ எவரும் எழுதுவதில்லை. ஒவ்வொரு சொல்லும் தனக்கு உரிய துணையோடுதான் வருகிறது. அன்றாடப் பேச்சிலும் அப்படித்தான்: கனமழை பெய்கிறது, பலத்த காற்று வீசுகிறது, கடும் வெயில் அடிக்கிறது, 'கனவெயில்' என்று சொன்னால் கேட்பவர் சிரிப்பார். ஆங்கிலத்தில் மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்', சுட்டெரிக்கும் வெயிலுக்கு 'ஸ்கார்ச்சிங்' என்று அதே ஏற்பாடுதான். தேநீர் 'ஸ்ட்ராங்' ஆக இருக்கலாம், 'பவர்ஃபுல்' ஆக இருக்க முடியாது. இன்ஜினோ 'பவர்ஃபுல்' ஆக இருக்கும். உயரம் என்ற ஒரே தமிழ்ச் சொல்லுக்கு மனிதனிடத்தில் 'டால்' என்றும் மலையிடத்தில் 'ஹை' என்றும் ஆங்கிலம் பிரித்து வைத்திருக்கிறது. 'ஹை மேன்' என்று எழுதுகிற பிள்ளைகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவர்கள் சோம்பேறிகள் அல்லர், பட்டியலை நம்பியவர்கள்.

ஆகவே எந்த அட்ஜெக்டிவையும் தனியாக எழுதக் கூடாது. அது தழுவி நிற்கும் பெயர்ச்சொல்லோடு சேர்த்தே எழுத வேண்டும் என்பதை வீட்டில் ஒரு விதியாக வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு பழகிய சொல். மாதிரிக்கு ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். மேலே 'பிக்' என்று எழுதியாயிற்று. முதல் வரியில் 'ஹ்யூஜ்'. அதன் துணை பாறை. கிருஷ்ணகிரிக் கோட்டை நிற்கும் பாறைமலையை அவன் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறான், அதை நினைத்தே ஒரு சிறு வாக்கியம் எழுதட்டும். சில நாள் கழித்து அடுத்த வரியில் 'வாஸ்ட்'. இது பரந்து கிடப்பதைச் சொல்வது, ஆகவே நிலம், கடல், வானம் இதன் துணைகள். கே.ஆர்.பி. அணை என்னும் கிருஷ்ணகிரி அணை நிரம்பியிருக்கும்போது கரையில் நின்றால் கண்ணுக்கு எட்டுகிற மட்டும் தெரிகிற நீர்ப்பரப்பு அவனுக்கு எடுத்துக்காட்டு. பிறகு 'ஸ்பேஷியஸ்', இது வீடு, அறை, மண்டபம் போல உள்ளே இடம் தாராளமாக இருப்பவற்றுக்கு மட்டுமே. பிறகு 'பல்கி', தூக்கவும் வைக்கவும் முடியாமல் இடத்தை அடைக்கிற மூட்டைக்கும் பார்சலுக்கும். நான்கும் 'பெரிய' என்றே தமிழில் முடிந்துவிடக்கூடியவை. ஆனால் இந்தப் பக்கத்தை எழுதிய பையனிடம் "பாறையை ஏன் ஸ்பேஷியஸ் என்று சொல்லக் கூடாது?" என்று நீங்கள் கேட்டால், பதில் சொல்ல அவனுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பதில் வந்துவிட்டால் சொல் அவனுடையதாகிவிட்டது.

இந்த நோட்டில் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, அளவு. 'வார்ம்' என்பது இளஞ்சூடு, 'ஹாட்' என்பது சூடு, 'ஸ்கார்ச்சிங்' என்பது சுட்டெரிப்பது. கீழ் நோக்கிப் போனால் 'கூல்', 'கோல்ட்', 'ஃப்ரீஸிங்'. மார்கழியில் நம் மாவட்டத்தின் குளிரான ஊராகிய தளிப் பக்கம் போய் வந்த பிள்ளைக்குக் 'கூல்' எது 'கோல்ட்' எது என்று விளக்கவே வேண்டாம். இப்படிப் படிக்கட்டாக அடுக்க முடிகிற சொற்களை அடுக்கியே எழுதட்டும். வினாவில் கேட்ட சொல் நடுப்படியில் இருந்தால், விடையும் அதற்குப் பக்கத்துப் படியில்தான் இருக்கும். உச்சியில் இருக்கிற சொல் பெரும்பாலும் ஏமாற்றுவதற்காக வைக்கப்பட்டது.

மற்றொன்று, அந்தச் சொல் புகழ்கிறதா பழிக்கிறதா என்பது. ஒல்லியான உடலைப் பாராட்டிச் சொன்னால் 'ஸ்லிம்', எலும்பும் தோலுமாக என்று குறைத்துச் சொன்னால் 'ஸ்கின்னி', இரண்டும் இல்லாமல் சொன்னால் 'தின்'. நல்ல காரியத்தால் பேர் பெற்றவர் 'ஃபேமஸ்', கெட்ட காரியத்தால் பேர் பெற்றவர் 'நட்டோரியஸ்'. குழந்தையின் கள்ளமற்ற தன்மை பெரியவரிடம் இருந்தால் 'சைல்ட்லைக்', வயதுக்கு ஏற்ற பொறுப்பு இல்லாமல் நடந்தால் 'சைல்டிஷ்'. ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு கூட்டல் குறியோ கழித்தல் குறியோ போட்டு வைத்தால் போதும்; இதற்கென்று தனியாகக் குறிப்பு எழுத வேண்டாம்.

இனித் தேர்வறையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு மாதிரி வினாவை நானே அமைக்கிறேன். 'அந்த வியாபாரி ஃப்ரூகல் ஆனவர். எதையும் வீணாக்காமல் சேமித்துத் தன் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்' என்னும் பொருளில் ஓர் ஆங்கில வாக்கியம். 'ஃப்ரூகல்' என்பதன் கீழ்க் கோடிட்டிருக்கிறது. விடைகள் நான்கு: 'ஜெனரஸ்', 'வெல்தி', 'த்ரிஃப்டி', 'ஃப்ரஜைல்'. இந்த நான்கும் ஏதோ தோன்றியபடி வைத்தவை அல்ல. 'ஜெனரஸ்' என்பது ஏறக்குறைய எதிர்ப்பொருள். சினானிம் கேட்கிறார்களா ஆண்டனிம் (எதிர்ச்சொல்) கேட்கிறார்களா என்று பார்க்காமல் அவசரப்படுகிறவனைப் பிடிப்பதற்கு. 'வெல்தி' (செல்வம் மிக்க) என்பது வியாபாரியோடு இயல்பாக நினைவுக்கு வருகிற சொல்; வாக்கியத்தை மேலோட்டமாகப் படிக்கிறவனைப் பிடிப்பதற்கு. 'ஃப்ரஜைல்' (எளிதில் உடையக்கூடிய) என்பது முதல் எழுத்துகளாலும் ஓசையாலும் ஒத்திருப்பது. பார்த்த சொல்லாக இருக்கிறதே என்று டிக் அடிக்கிறவனைப் பிடிப்பதற்கு. எஞ்சிய 'த்ரிஃப்டி'தான் (சிக்கனமான) விடை. 'வெல்தி' இருந்த இடத்தில் 'மைசர்லி' இருந்திருந்தால் கொஞ்சம் கடினம்: இரண்டுமே செலவைக் குறைப்பதைச் சொல்பவை. அப்போது அவனைக் காப்பாற்றுவது அந்தக் கூட்டல் கழித்தல் குறி. பிள்ளைகளைப் படிக்க வைத்தார் என்று வாக்கியம் அவரை மெச்சுகிறது. கருமி என்று பழிக்கிற சொல் அங்கே பொருந்தாது.

இதற்கு ஒரு பழக்கத்தை உண்டாக்க வேண்டும். வினாவைப் படிக்கும்போது விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, கோடிட்ட சொல்லின் இடத்தில் தனக்குத் தெரிந்த ஒரு சொல்லை, தமிழிலோ தெலுங்கிலோ ஆனாலும் சரி, மனத்துக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகு கையை எடுத்து, தான் நினைத்ததற்கு நெருங்கிய விடையைத் தேட வேண்டும். தேர்ந்தெடுத்ததை வாக்கியத்தில் போட்டு ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தை நிரப்ப வேண்டும். முதலில் விடைகளைப் பார்த்துவிட்டால் நான்கு சொற்களும் சேர்ந்து அவனுடைய நினைவைக் கலைத்துவிடும். வீட்டில் பழகும்போது மெதுவாகத்தான் நடக்கும். பழகிவிட்டால் சில நொடிகளில் முடிந்துவிடும். இந்தத் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆகவே தெரியாத வினாவிலும், நிச்சயம் இல்லை என்று தெரிகிற விடைகளை நீக்கிவிட்டு மீதியில் ஒன்றை நிரப்பிவிட்டு வரட்டும். ஒரு வட்டத்தையும் காலியாக விட வேண்டாம்.

முன்னொட்டும் பின்னொட்டும் தெரிந்திருந்தால் பார்த்திராத சொல்லையும் ஓரளவு ஊகிக்கலாம். 'ஃபுல்' என்று முடிந்தால் நிறைந்த, 'லெஸ்' என்று முடிந்தால் அற்ற. 'அன்', 'இம்', 'டிஸ்' என்று தொடங்கினால் பெரும்பாலும் எதிர்மறை. ஆனால் 'இன்' என்பதிடம் மட்டும் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லுங்கள். 'இன்வேல்யுபிள்' என்றால் மதிப்பில்லாதது அல்ல, விலைமதிக்க முடியாதது. 'இன்ஃப்ளேமபிள்' என்றால் தீப்பிடிக்காதது அல்ல, எளிதில் தீப்பிடிப்பது. 'இன்ஃபமஸ்' என்றால் பேர் தெரியாதவர் அல்ல, கெட்ட பேர் எடுத்தவர். தேர்வு எழுதுகிறவர்களை இந்த மூன்றும் சிக்க வைக்கும்; எழுதி ஒட்டி வைக்கலாம்.

இப்போது உங்கள் பங்கு. ஆங்கிலம் தெரியாத தாய் இந்தப் பயிற்சியை நடத்த முடியாது என்று நினைக்காதீர்கள். உங்களால் மிக நன்றாக நடத்த முடியும். பழைய நாட்காட்டித் தாள்களைச் சீட்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். சீட்டின் ஒரு பக்கத்தில் அவன் தமிழில் ஒரு சூழலை எழுதட்டும்: 'பஸ்ஸில் இடத்தை அடைத்துக்கொள்ளும் மூட்டை' என்பது போல. மறுபக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் அதன் துணைச்சொல்லையும் ஆங்கில எழுத்தில் எழுதட்டும். நீங்கள் தமிழ்ப் பக்கத்தைப் படித்தால் அவன் ஆங்கிலச் சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டும். நீங்கள் மறுபக்கத்தைப் பார்த்து எழுத்து எழுத்தாகச் சரிபார்க்கலாம். உங்களுக்குத் தெரிந்த ஆங்கிலம் இதற்குத் தாராளமாகப் போதும். சரியாகச் சொன்ன சீட்டை ஒரு பக்கம், தவறியதை மறுபக்கம் என்று பிரித்து வையுங்கள். தவறிய சீட்டு மறுநாளே திரும்ப வர வேண்டும். சரியானது மூன்று நாள் கழித்து ஒரு முறை, பிறகு ஒரு வாரம் கழித்து, பிறகு பதினைந்து நாள் கழித்து வரட்டும். படித்ததில் பெரும்பகுதி முதல் ஒரு நாளுக்குள்ளேயே மறந்துபோகிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1885-இலேயே தன்னையே சோதித்து எழுதிவைத்தார். உங்கள் மகன் இரவில் ஒப்பித்து ஞாயிற்றுக்கிழமை மறப்பதற்குக் காரணம் இதுதான். நடுவில் அந்தச் சொல் ஒரு முறைகூட அவனிடம் கேட்கப்படவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்துப் படிப்பதைவிட, இடைவெளி விட்டுக் கேட்டு நினைவிலிருந்து வரவழைப்பதே சொல்லை நிலைக்கச் செய்யும்.

ஒரு நாளைக்கு எத்தனை புதுச் சொல் என்று கேட்பீர்கள். ஐந்து போதும். அதுவும் வாரத்தில் ஐந்து நாள். மற்ற இரண்டு நாளும் பழைய சீட்டுகளுக்கு. தேர்வுக்கு முந்திய மூன்று வாரங்களில் புதுச் சொல்லே வேண்டாம்.

தெலுங்கு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிப் பள்ளியில் தமிழில் படிக்கிற பிள்ளைகள் ஏராளம். அவர்கள் அதனால் பின்தங்கிப் போனதை நான் பார்த்ததில்லை. ஒரு பொருளை இரண்டு மொழிகளில் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு, சொல் வேறு பொருள் வேறு என்பது சிறு வயதிலேயே புரிந்திருக்கும். ஒத்தபொருள் சொற்களைப் படிக்க அது ஒரு மூலதனம். "இந்தச் சொல்லுக்கும் அந்தச் சொல்லுக்கும் என்னப்பா வித்தியாசம்?" என்று நீங்கள் தெலுங்கிலேயே கேளுங்கள், அவன் தெலுங்கிலேயே விளக்கட்டும். விடைச்சொல் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தால் போதும். வீட்டில் கட்டாயமாக ஆங்கிலம் பேச வைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

அகராதி ஒன்று அவசியம் வேண்டும். சொல்லுக்குச் சொல் தருகிற சிறிய ஆங்கிலம்–தமிழ் அகராதியைவிட, எடுத்துக்காட்டு வாக்கியம் தருகிற, மாணவர்களுக்கான ஆங்கிலம்–ஆங்கில அகராதியே துணைச்சொல்லைக் காட்டும். வாங்க இயலாவிட்டால் கிருஷ்ணகிரி மாவட்ட மைய நூலகத்தில் விடுமுறை நாளில் உட்கார்ந்து பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். கைப்பேசிச் செயலிகளில் வரும் சொல் விளையாட்டுகள், கண்ணுக்கு எதிரே உள்ள விடையை அடையாளம் காணத்தான் பழக்கும், நினைவிலிருந்து எடுத்துச் சொல்லப் பழக்காது. அதனால் பயிற்சி முடிந்த பின் பத்து நிமிடத்துக்கு மேல் அவற்றுக்கு ஒதுக்க வேண்டாம். தமிழ்நாடு அரசின் ஆங்கிலப் பாடநூலில் பாடந்தோறும் வருகிற அருஞ்சொற்பட்டியலை அவன் ஒன்றுவிடாமல் படிக்க வேண்டும். அந்தச் சொற்கள் பாடத்தின் வாக்கியத்துக்குள் இருக்கின்றன என்பதே அவற்றின் சிறப்பு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் ஆங்கிலத் தாளே மூன்று சினானிம் வினாக்களோடும் மூன்று ஆண்டனிம் வினாக்களோடும்தான் தொடங்குகிறது. ஆகவே சைனிக் பள்ளியில் இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்த உழைப்பு அவனுக்குப் பயன்படும்.

பயிற்சி மையத்தை விட்டு நிறுத்திவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கணக்குக்கும் நுண்ணறிவுப் பகுதிக்கும் அங்கே நல்ல பயிற்சி கிடைத்தால் போகட்டும். அங்குள்ள ஆங்கில ஆசிரியரை ஒரு நாள் நேரில் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைத் தேர்வில் தனிச்சொல்லாகக் கேட்காமல் வாக்கியத்தில் வைத்துக் கேட்குமாறு மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பெற்றோர் கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் செய்வார்கள். அந்த ஆயிரத்து ஐந்நூறு சொற்களின் பட்டியலையும் தூக்கி எறிய வேண்டாம். அவன் ஒரு பென்சிலை எடுத்து, ஏற்கெனவே தெரிந்த சொற்களின் எதிரே ஒரு புள்ளியும், பாடப்புத்தகத்தில் எங்கோ பார்த்த சொற்களின் எதிரே இரண்டு புள்ளியும் வைக்கட்டும். இரண்டு புள்ளி பெற்றவைதாம் ஜனவரிக்குள் அவன் சீட்டில் எழுத வேண்டியவை; புள்ளியே இல்லாதவை ஒன்பதாம் வகுப்புக்குப் போன பிறகு வரட்டும். விண்ணப்பம் அனுப்புவதற்கு முன்பு இந்த ஆண்டின் தகவல் கையேட்டைத் தேசியத் தேர்வு முகமையின் இணையதளத்தில் பதிவிறக்கி, வயது வரம்பையும் ஒவ்வொரு பாடத்திலும் பெற வேண்டிய குறைந்தபட்ச மதிப்பெண்ணையும் பள்ளி ஆசிரியர் ஒருவரின் உதவியோடு படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். சேர்க்கை நடக்கும் ஆண்டின் மார்ச் 31 அன்று அவனுக்கு 13 வயது நிறைந்திருக்க வேண்டும், 15 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதியும் பெயரின் எழுத்துகளும் பள்ளிப் பதிவேட்டில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.